தெரியாத மொழியில் ஒரு மனைவி

கணவர் கண்ணாடியைத் துடைத்து மூக்கில் மாட்டிவிட்டதும் பேராசிரியை கண்களை இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். பிறகு ஜெர்மனில் ஏதோ கேட்டாள். கேள்விதான், அதில் சந்தேகமில்லை. கடைசியில் குரல் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள். அவள் குரல் அப்படி ஏறி நின்றால் எதிரே இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

"என்ன வேணும், ப்ரொபசரம்மா?" என்றார் அவள் கணவர். "தமிழ்ல கேளு. ஒரே ஒரு வார்த்தை. ஓடிப்போய் எடுத்துட்டு வர்றேன்."

மறுபடியும் அதே கேள்வி, அதே ஜெர்மன். இந்த முறை கொஞ்சம் எரிச்சலோடு. கடைசி பெஞ்சுக்காரனிடம் பேசுகிற எரிச்சல். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நானும் காலையிலேர்ந்து தலையைத் தலையை ஆட்டிட்டிருக்கேன் சார்," என்றாள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ், போர்வையை இழுத்துவிட்டபடி. "அவங்க என்னை ஃபெயில் போட்டுட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

இரண்டாவது முறை மூளையில் ரத்தம் அடைத்தபோது அவளிடமிருந்து தமிழ் போய்விட்டது. ஜெர்மன் தங்கிவிட்டது. சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். கணவருக்கு அது ஏறவே இல்லை. "தமிழ்ல பொறந்தவ டாக்டர். தமிழ்ல என்னைத் திட்டினவ. பெரியவளானப்புறம் போய்ப் படிச்ச மொழி எப்படி மிஞ்சும்?" என்று கேட்டார். மூளைக்கு நம்ம நியாயமெல்லாம் தெரியாது சார் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கே அழைத்துப் போய்விடலாம், அதிக நாள் இல்லை என்பதையும் டாக்டர் அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் கணவர். ஊரில் பாதிப் பேருக்கு எது மங்கலாகத் தெரிகிறது என்பது அவருக்குத் தெரியும். மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்பதுதான் கடைசிவரை அவருக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஐரோப்பியத் தத்துவம் என்று வந்தவர்களிடம் சொல்வார். அதற்கு மேல் யாராவது கேட்டால் சட்டகத்தைத் திருகுவதற்குச் சின்னத் திருப்புளியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் அவள் எழுதிய ஒரே புத்தகம் எதைப் பற்றியது என்பது மட்டும் தெரியும். காத்திருத்தல். மனிதனுடைய காலம் கடிகாரத்தில் ஓடுவதில்லை, அவன் எதை எதிர்பார்த்து நிற்கிறானோ அங்கேதான் ஓடுகிறது என்று அவள் ஒருமுறை காய் நறுக்கிக்கொண்டே விளக்கினாள். "இதுக்கா இத்தனை வருஷம்?" என்று கேட்டார். "இதுக்கு இத்தனை வருஷம் போதலை," என்றாள். காத்திருத்தலைப் பற்றிய புத்தகம் வருவதற்கு அவரும்தான் காத்திருந்தார். அவர் காத்திருக்காத இடமும் இல்லை. கல்யாணமான மறுவருடமே உதவித்தொகை கிடைத்து அவள் படிக்கப் போனாள், வருடக்கணக்கில் காத்திருந்தார். திரும்பி வந்து வருடாவருடம் நீட்டிக்கப்படும் தற்காலிக வேலையில் அவள் தொங்கிக்கொண்டிருந்தபோது அது நிரந்தரமாகும் வரை காத்திருந்தார். துறைக் கூட்டம் முடியும் வரை பல்கலைக்கழக வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி காத்திருந்தார். "அவ எழுதினா, நான் செஞ்சேன்," என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நல்ல நகைச்சுவை. அவளுக்கும் அது பிடிக்கும்.

இப்போது அந்த நகைச்சுவையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். "கடைக்காரரே" என்று அவள் கூப்பிடுவாளே, அது வந்தால் போதும். அதுகூட வேண்டாம். எந்த மொழியிலாவது தன்னிடம், தன்னைப் பற்றி, ஒன்றே ஒன்று. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், அதில் தான் இருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் அடிக்குறிப்புக்குப் போன் செய்தார்.

அடிக்குறிப்பு பேராசிரியையின் கடைசி ஆய்வு மாணவி. அவளுடைய ஆய்வேட்டில் பக்கத்தின் மேலே இருந்ததைவிடக் கீழே பொடி எழுத்தில் இருந்தது அதிகம் என்பதால் பேராசிரியை வைத்த பெயர் அது. அவள் பட்டம் வாங்கிய கையோடு தத்துவத் துறையை நிர்வாகவியலோடு சேர்த்துவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. ஜெர்மன் மட்டும் கையில் இருந்தது. இப்போது சலவை இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள் என்று அவளுக்கு அந்தக் கம்பெனியில் நல்ல பெயர்.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மேடம்" என்றாள். பிறகு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பேராசிரியையின் முகம் அப்படியே மலர்ந்தது. அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

"என்ன சொல்றா?"

"இருங்க சார்." அடிக்குறிப்பு காதைச் சாய்த்துக்கொண்டாள். "ஜன்னலை மூடச் சொல்றாங்க. யாரோ வீட்டுக்காரம்மாகிட்ட பேசறாங்க. அடுப்புக்குக் கரி தீந்துபோச்சாம். போன வாரமே சொன்னேனேன்னு சண்டை போடறாங்க."

"ஜன்னல் மூடித்தானே இருக்கு?"

"அந்த ஊர் ஜன்னல் சார்."

அவர் எழுந்துபோய் மூடியிருந்த ஜன்னலை ஒருமுறை திறந்து மூடினார். கொக்கி சத்தம் கேட்கும்படி நன்றாக அடித்துப் போட்டார். கட்டிலிலிருந்து ஒரு சொல் வந்தது.

"தாங்க்ஸ் சொல்றாங்க," என்றாள் அடிக்குறிப்பு.

"எனக்கா?"

அவள் தயங்கினாள். "வீட்டுக்காரம்மாவுக்கு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் பேச்சில் அடுத்து வந்தது வாய்மொழித் தேர்வுக் குழு. அது சிரிக்கிற விஷயமாக இல்லை. பேராசிரியை தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. நர்ஸும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். நீளமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அடிக்குறிப்பு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஆய்வை நியாயப்படுத்திப் பேசறாங்க சார். 'நீங்க கேக்கறது எனக்குப் புரியுது. காத்திருக்கிறவன் சும்மா இருக்கான்னு நெனைக்கிறீங்க. அவன் சும்மா இல்ல. வரப்போற ஆளுக்கு அவன்தான் இடம் போட்டு வச்சிருக்கான்'." அவள் கண்ணைத் திறந்தாள். "சார், இது புத்தகத்துல இல்ல. இவ்ளோ நல்லா புத்தகத்துல இல்ல."

"பாஸா?"

"இன்னும் சொல்லல சார்."

"நீ பாஸுன்னு சொல்லும்மா. யார் கேக்கப்போறா?"

அடிக்குறிப்பு நிமிர்ந்து உட்கார்ந்து, தேர்வாளரைப்போல இரண்டு வாக்கியம் சொன்னாள். பேராசிரியை மெல்லச் சாய்ந்துகொண்டாள். மூச்சு கொஞ்சம் சீரானது.

இப்படியே போயிற்று. நூலகத்தில் புத்தகம் கிடைக்கவில்லை. பனியில் செருப்புக்குள் ஈரம் ஏறிவிட்டது. யாரோ ஒரு தோழியிடம் ஒரு தத்துவாசிரியனைப் பற்றிக் கடுமையான கருத்து. எல்லாவற்றையும் அடிக்குறிப்பு ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் கேட்டார், முதலில் சாதாரணமாக, அப்புறம் விளையாட்டுபோல, அப்புறம் விளையாட்டே இல்லாமல்.

"என்னைப் பத்தி ஏதாவது?"

"இல்ல சார்."

"கடைன்னு ஏதாவது? கண்ணாடின்னு?"

"இல்ல சார். வந்தா கண்டிப்பா சொல்றேன்."

அவருக்கு வலித்தது. அவள் ஒரு ஊருக்குப் போய்விட்டாள். அந்த ஊரில் அவர் கால் வைத்ததே இல்லை. அவள் அங்கே படித்தபோது வாரத்துக்கு ஒரு கடிதம் வந்தது, அதில் ஜன்னலும் கரியும் வீட்டுக்காரம்மாவும் இருந்தார்கள், அவரும் கடையில் உட்கார்ந்து பதில் எழுதினார். அந்த ஊரின் தெருக்களில் அவள் நடந்தபோது தன்னை ஒரு தரமாவது நினைத்தாளா என்று இத்தனை வருடம் அவர் கேட்டதில்லை. கேட்டால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். இப்போது சாவதற்கு அவள் அங்கேதான் போயிருக்கிறாள், அவரை இங்கே உட்கார வைத்துவிட்டு.

வாசல் மணி அடித்தது. தருக்கக்காரர் நின்றிருந்தார். அதே துறையில் தருக்கவியல் கற்பித்தவர், பேராசிரியையின் ஆயுள் எதிரி. கையில் ஒரு பை ஆரஞ்சு. யார் சாப்பிடப்போகிறார்கள் என்று யோசிக்காமல் வாங்கிவந்திருந்தார். அவர் உள்ளே வர மறுத்துவிட்டார்.

"வேணாம். என்னைப் பாத்தா அவளுக்கு பிபி ஏறிடும்," என்றார். "பேச்சு இருக்கா?"

"ஜெர்மன்ல இருக்கு."

தருக்கக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பாருங்க. கடைசியிலகூட எனக்குப் புரியற மாதிரி பேசமாட்டேங்கறா." சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "நான் அவ முகத்துக்கு நேரா சொல்லியிருக்கேன், நீ பண்றது தத்துவமில்ல, கவிதைன்னு. அதுக்கு அவ, நீங்க பண்றது ரெண்டுமில்லன்னு சொன்னா. அவ பாடத்தை எடுத்துட்டு அந்த இடத்துல நேர மேலாண்மைன்னு ஒரு பாடம் வச்சாங்களே, ஞாபகமிருக்கா?"

"ஒரு வாரம் வீட்டுல பேசாம இருந்தா."

"அந்தக் கூட்டத்துல எதிர்த்துக் கையைத் தூக்கினது நான் ஒருத்தன்தான். அவகிட்ட சொல்லிக்கல. அவ சொல்றது தப்புன்னு இன்னிக்கும் சொல்லுவேன். ஆனா தப்பா சொல்றதுக்கு அவளுக்கு ஒரு இடம் வேணும்ல?" மூக்கை உறிஞ்சினார். "இனிமே யாரோட சண்டை போடுவேன் நான்?"

கணவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பையை வாங்கிக்கொண்டார். பிறகு தருக்கக்காரர் எழுந்து, ஆரஞ்சு புளிப்பா இருந்தா திட்டாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அறைக்குத் திரும்பியபோது அடிக்குறிப்பு நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். நர்ஸ் பேராசிரியையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு மாறியிருந்தது. விட்டுவிட்டு வந்தது.

"சார்," என்றாள் அடிக்குறிப்பு. "உங்களைக் கேட்டாங்க."

அவர் பையை நழுவவிட்டார். ஒரு ஆரஞ்சு கட்டிலுக்கடியில் உருண்டு போனது.

"என்ன கேட்டா?"

"நீங்க சாப்பிட்டீங்களான்னு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பேராசிரியை அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது. சாப்பிட்டியா என்று கேட்பது அந்த வீட்டில் அவர் வேலை. அவள் எப்போது வந்தாலும், எந்தக் கூட்டம் எவ்வளவு இழுத்தாலும், தட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். இந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பாவம், சலவை இயந்திரத்துக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள், தனக்காகச் சொல்கிறாள். அதை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

"சாப்பிட்டேன்னு சொல்லும்மா," என்றார்.

அடிக்குறிப்பு குனிந்து, பேராசிரியையின் காதருகே ஜெர்மனில் சொன்னாள். அவர் அப்போது அடிக்குறிப்பைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். புருவங்களுக்கு நடுவே காலையிலிருந்து விழுந்திருந்த மடிப்பு விலகியது. உதடுகள் ஒரு சின்னச் சொல்லைச் சொல்லின.

"'நல்லது'ன்னாங்க," என்றாள் அடிக்குறிப்பு. இந்த முறை அவள் அவரைப் பார்த்தே சொன்னாள்.

அதற்குப் பிறகு பேராசிரியை எந்த மொழியிலும் பேசவில்லை. அவர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் அடுத்த மூச்சுக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். நர்ஸ்தான் முதலில் எழுந்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நாற்காலிகளை அடுக்கி வாசலில் வைத்த பிறகும் அடிக்குறிப்பு போகவில்லை. சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். அவர் பக்கத்தில் நின்று துணியால் துடைத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்மா."

"மேடம் அப்படிக் கேக்கல."

"தெரியும்னு சொன்னேனே. அவ என்னைக்குக் கேட்டிருக்கா? நீ நல்ல மனசோட சொன்னே. விடு."

"இல்ல சார், விட முடியாது. நான் வேற ஒண்ணை மறைச்சுட்டேன்." அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் பேசிவிடலாம் என்று நினைத்தாள்போல. "நீங்க வாசல்ல இருந்தப்ப மேடம் ரொம்பப் பதட்டமாயிட்டாங்க. அந்த ஊர்ல யாரோ ஒருத்தர்... எனக்கு அதை எப்படி எடுத்துக்கறதுன்னு தெரியல. நான் தப்பா புரிஞ்சுக்கிட்டிருக்கலாம். ஆனா அந்த நேரத்துல போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதனால வாயில வந்ததைச் சொல்லிட்டேன். ராத்திரி பூரா தூங்கல சார். மேடத்தோட கடைசிப் பேச்சு. அதை மாத்திட்டேனே."

அவர் கையிலிருந்த கோப்பையை மேடையில் வைத்தார். "யாரு ஒருத்தர்?"

"பேர் சொல்லல. ரயில் நிலையத்துல, டிக்கெட் குடுக்கற இடத்துல நின்னு கேக்கற மாதிரி இருந்தது. 'பனியில ரயிலெல்லாம் நின்னுபோச்சுன்னா நான் எப்பப் போய்ச் சேர்றது? அங்க எனக்காக ஒருத்தர் காத்துக்கிட்டிருப்பார். நான் வராம சாப்பிட மாட்டார். அவருக்கு எப்படித் தகவல் சொல்றது?' இதையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. 'யாராவது அவருக்குச் சொல்லுங்களேன்'னு கெஞ்சினாங்க சார். எனக்குப் பயமாயிடுச்சு."

அவர் கையை நீட்டிக் குழாயை மூடினார்.

"பனி," என்றார். "படிப்பு முடிச்சுத் திரும்பி வந்தப்ப பனி. ரயில் நின்னுபோய் விமானத்தை விட்டுட்டா. மறுநாள்தான் வந்தா. இங்க யாருக்கு என்ன தெரியும்? விமான நிலையத்துல ஒரு தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். வெளிய வந்ததும் என் முகத்தைப் பாத்தா. பாத்துட்டு, 'நேத்திலேர்ந்து சாப்பிடலயா'ன்னுகூடக் கேக்கல. நேரா கையைப் பிடிச்சு ஹோட்டலுக்கு இழுத்துட்டுப் போனா."

அடிக்குறிப்பின் ஈரக் கை அவள் வாய்க்குப் போனது. "சார். அந்த ஒருத்தர்..."

"நான்தாம்மா. வேற யாரு இருக்கா, அப்படி ஒரு பைத்தியம்?"

அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார், தோள் குலுங்க. அது எங்கே அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி ஒருநாளும் கேட்காததற்குக் காரணம் கேட்கத் தேவை இல்லாததுதான். அவர் சாப்பிட்டிருக்கமாட்டார் என்பது அவளுக்கு எந்த ஊரில் இருந்தாலும் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி இத்தனை வருடம் வராததற்காக அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

"அப்ப நான் சொன்னது," என்றாள் அடிக்குறிப்பு, மெதுவாக, சொற்களைக் கோத்துப் பார்ப்பவளாக. "அவர் சாப்பிட்டாச்சுன்னு நான் சொன்னேன்..."

"ஆமா. தகவல் போய்ச் சேர்ந்துடுச்சு." அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "நீ சரியாத்தான் பதில் சொல்லியிருக்கே."

வெளியே யாரோ நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது. அவர் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். எதிரில் இருந்த நாற்காலியை அவளுக்குக் காட்டினார்.

"அதை அவ சொன்ன மாதிரியே சொல்லும்மா. ஜெர்மன்ல."

"உங்களுக்குப் புரியாதே சார்."

"பரவால்ல."

அவள் உட்கார்ந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவர் வாடிக்கையாளரின் கண்ணைச் சோதிக்கும்போது செய்வதுபோலத் தலையை லேசாகச் சாய்த்து, அசையாமல் கேட்டார்.

"இன்னொரு தடவை."

சொன்னாள்.

"இதுல நான் எங்க வர்றேன்?"

அடிக்குறிப்பு யோசித்தாள். மேசையின் குறுக்கே கையை நீட்டி அவர் மணிக்கட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து, மிக மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். ஓர் இடத்தில் விரல் அழுந்தியது.